கட்டியக்காரன் கேக்குற கேள்வி: பழைய நாடகத்தையும் புராணத்தையும் படிக்கிறது எப்படி

அக்கா பொண்ணு காலேஜ்ல இங்கிலீஷ் லிட்ரேச்சர் ரெண்டாவது வருஷம் படிக்குது. போன வாரம் காட்பாடி ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு நின்னுக்கினு இருக்கும்போது திடீர்னு கேட்டுச்சு, "மாமா, இந்த கேரக்டர் கேரக்டர்ங்குறாங்க, தீம் தீம்ங்குறாங்க, ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்னே புரியல, நோட்ஸ்ல எட்டு பாயின்ட் இருக்குது, எட்டையும் மனப்பாடம் பண்ணிக்கினு எழுதிடவா?" ட்ரெயின் வேற இருபது நிமிஷம் லேட்டு, அதனால பிளாட்பாரத்துலயே ஆரம்பிச்சேன், வீட்டுக்கு வந்தும் முடியல, அதான் இங்க எழுதி வைக்கிறேன். இந்தப் பாடத்த முதல்முறையா தொடுறவங்களுக்குத்தான் இது, ஏற்கனவே கரைச்சுக் குடிச்சவங்க கோச்சிக்காதீங்க.

எங்க ஊரு ஆரணி பக்கம். 1989-ல வட ஆற்காடு ஜில்லாவ ரெண்டா பிரிச்சதுல நாங்க திருவண்ணாமலை பக்கம் போய்ட்டோம், ஆனா எங்க அம்மாவுக்கு இன்னமும் அது நார்த் ஆற்காடுதான். இந்த ஜில்லாவுல பொறந்தவனுக்கு நாடகம்னா இன்னான்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. வெயில் காலம் வந்தா திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சிடுவாங்க, மத்தியானம் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லுவாரு, ராத்திரி பத்து மணிக்கு மேல கூத்து, விடிஞ்சாதான் முடியும். செய்யாறு பக்கம் புரிசைல கண்ணப்ப தம்பிரான் பரம்பரை கூத்துன்னா நாடே அறியும். நாங்கெல்லாம் கோணிப்பை விரிச்சிக்கினு முன்னாடி ஒக்காந்து பாதில தூங்கி, சண்டைக்கு முழிச்சிப் பாத்தவங்க.

அந்தக் கூத்துல ஒரு வழக்கம் இருக்குது பாருங்க, கேரக்டர்னா இன்னான்னு அதுலயே முக்கால்வாசி வந்துடும். ராஜா வேஷம் நேரா ஓடி வந்து சபைல நிக்காது. ரெண்டு பேரு ஒரு துணியப் புடிச்சிக்கினு நிப்பாங்க, அதான் திரை, அதுக்குப் பின்னாடி வேஷம் நின்னு பாடும், நமக்கு கிரீடத்து உச்சி மட்டும்தான் தெரியும், சலங்கை சத்தம் கேக்கும், முகவீணைக் குழல் கத்தும். திரைக்கு இந்தப் பக்கம் கட்டியக்காரன் நிப்பான். வாயில்காப்போனும் அவன்தான் கோமாளியும் அவன்தான், நம்ம சார்பா பேசுற ஆளும் அவன்தான். அவன் கேப்பான், யாருய்யா நீ, எந்த ஊரு, இன்னாத்துக்கு வந்த? திரைக்குப் பின்னாடி இருக்குறவரு தன் பேரு, தன் நாடு, தன் வீரம், தன் தம்பிங்க எத்தினி பேரு எல்லாத்தையும் அடுக்குவாரு. அப்புறம்தான் திரைய எடுப்பாங்க.

இப்ப பாடம். ஒருத்தன் தன்னப் பத்தி சொல்லிக்கிறது ஒண்ணு, விடியறதுக்குள்ள அவன் செய்யிறது ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வரும் பாரு, அந்த இடைவெளிலதான் கேரக்டர் இருக்குது. நோட்ஸ்ல "வீரன், கொடையாளி, நல்ல நண்பன்"னு போட்டிருப்பாங்களே அதெல்லாம் கல்யாணப் பத்திரிகைல போடுற பட்டம் மாதிரி, தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா அத வச்சி மாப்பிள்ள எப்பிடின்னு சொல்ல முடியுமா.

அதனால எந்தப் பழைய நாடகத்த எடுத்தாலும் நான் முதல்ல கட்டியக்காரன் வேலையத்தான் செய்வேன். இவன் தன்ன யாருன்னு சொல்லிக்கிறான், இவனுக்கு இன்னா வேணும், அது கெடைக்கணும்னா எத விடணும், இக்கட்டுல மாட்டும்போது எத விட்டான். இத்தோட போதும். சின்னச் சின்ன குணமெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும்.

சிலப்பதிகாரத்துல இதே காட்சி அப்பிடியே இருக்குது, கூத்து பாத்தவனுக்கு ஒடம்பு சிலிர்க்கும். கண்ணகி ஒத்தச் சிலம்ப கைல வச்சிக்கினு பாண்டியன் வாசலுக்கு வர்றா, வாயிலோன் உள்ள போயி சொல்றான், ராஜா வரச் சொல்றான், வந்தவளப் பாத்து அவன் கேக்குற முதல் கேள்வியே "யாரையோ நீ மடக்கொடியோய்". யாரும்மா நீ? அதுக்கு அவ சொல்ற பதில் வரிசையக் கவனிங்க. "தேரா மன்னா"ன்னு ஆரம்பிக்கிறா, அதாவது விசாரிக்கத் தெரியாத ராஜாவேன்னு. அப்புறம் புறாவுக்காக சதைய அறுத்துக் குடுத்த சோழன், கன்னுக்குட்டிக்காக மகனையே தேர்ல ஏத்திக் கொன்ன சோழன், அவங்க ஆண்ட புகார்தான் என் ஊருங்குறா. அப்புறம் மாமனாரு பேரு, அப்புறம் உன் கையால செத்தவன் கோவலன், அவன் பொண்டாட்டி நான். கடைசிலதான் "கண்ணகி என்பதென் பெயரே". தன் பேர கடைசில வைக்கிறா. நியாயம் முதல்ல, ஊரு அடுத்து, புருஷன் அடுத்து, தான் கடைசி. முதல் காண்டம் பூரா ரொம்ப கொஞ்சமாத்தான் பேசின பொண்ணு இவ. கேரக்டர் மாறிடுச்சின்னு எழுதுவாங்க சில பேரு, எனக்கென்னவோ மாறலன்னுதான் தோணுது, இந்த மாதிரி ஒரு கேள்விய அதுக்கு முன்னாடி யாரும் அவளக் கேக்கல, அவ்ளோதான்.

சரி, கெட்டவங்களுக்கு வருவோம், அங்கதான் புள்ளைங்க நெறைய மார்க் விடுதுங்க. துரியோதனன்னா வில்லன், பொறாமை, முடிஞ்சது கதைன்னு எழுதிடுதுங்க. எங்க பக்கம் கூத்துல துரியோதனனுக்கு குடுக்குற கம்பீரத்த பாத்தவன் அப்பிடி எழுத மாட்டான், மரக்கட்டை நகையெல்லாம் மாட்டி அகலமா கட்டை வேஷம், பெரிய கிரீடம், நடையே தனி. வில்லிபாரதத்துல ஒரு எடம் வருது. கர்ணனும் துரியோதனன் பொண்டாட்டியும் இருக்கும்போது அவ மேகலை அறுந்து மணி எல்லாம் செதறிடுது, பாத்தா தப்பா தெரியுற நெலம, அந்த நேரம் பாத்து துரியோதனன் உள்ள வர்றான், வந்தவன் கேட்டது "எடுக்கவோ கோக்கவோ". பொறுக்கட்டுமா, கோக்கட்டுமாங்குறான். பங்காளிங்களுக்கு ஊசி முனை நெலம்கூட தர மாட்டேன்னவன் ஃப்ரெண்டு விஷயத்துல இப்பிடி நடந்துக்குறான். கெட்டவன்கிட்ட இருக்குற இந்த ஒரு நல்ல எடத்த நீ பிடிச்சிட்டின்னா, கர்ணன் ஏன் கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் நின்னான்னு தனியா விளக்கவே வேண்டாம்.

கிரேக்க நாடகத்துக்கு வரலாமா, பொண்ணுக்கு பேப்பரே அதானே. சோஃபக்ளீஸ் எழுதின ஈடிபஸ், ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஊர்ல கொள்ளை நோயி, ஜனங்க அரண்மனை வாசல்ல ஒக்காந்து அழுவுறாங்க, ராஜா வெளிய வர்றான். வந்த ஒடனே முதல் பேச்சிலயே, எல்லாரும் புகழுற அந்த ஈடிபஸ் நானே வந்திருக்கேன்னு சொல்றான். டேய் இது நம்ம திரைப் பாட்டுடான்னு எனக்குத் தோணுச்சி! ஸ்பிங்ஸ்ன்ற பூதம் போட்ட விடுகதைய விடுவிச்சவன் நான், நான் இருக்கேன் கவலப்படாதீங்க. பழைய ராஜாவக் கொன்னவன் இந்த ஊருக்குள்ளயே இருக்கான், அவன வெளிய தொரத்தினாத்தான் நோயி போகும்னு டெல்ஃபி கோயில்ல இருந்து சேதி வருது. ஒடனே கொன்னவனுக்கு சாபம் குடுக்குறான். தேடத் தேட, கொன்னவன் தான்தான், செத்தவன் தன் அப்பன்தான், தான் கட்டிக்கினு இருக்குறது தன் தாயத்தான்னு தெரிஞ்சிபோவுது. எல்லாரோட விடுகதையும் விடுவிச்சவனுக்கு தான் யாருன்ற விடுகதைக்கு மட்டும் விடை தெரியல. கட்டியக்காரன் கேள்விக்கு திரைக்குப் பின்னாடி அவ்ளோ சத்தமா அவன் சொன்ன பதிலே தப்பு.

இன்னொண்ணு சொல்லணும். ஏதென்ஸ்ல அத பாத்தவங்களுக்கு கதை முன்னாடியே தெரியும், நமக்கு கர்ணன் சாகப்போறான்னு தெரிஞ்சே கூத்து பாக்குற மாதிரி. அடுத்து இன்னா நடக்கும்னு பாக்க வர்றதில்ல, இவனுக்கு எப்ப தெரியும்னு பாக்க வர்றாங்க. நமக்குத் தெரிஞ்சது மேடைல நிக்கிறவனுக்குத் தெரியல, அவன் பேசுற ஒவ்வொரு வார்த்தையும் நம்ம காதுல வேற மாதிரி விழுது, கொன்னவன விடமாட்டேன்னு அவன் சொல்லும்போதெல்லாம் நமக்கு வயிறு கலங்குது. அங்கயும் ஆம்பளைங்கதான் பொம்பள வேஷம் கட்டுனாங்க, இங்க திரௌபதி கட்டுற மாதிரியே. நடுவுல கும்பலா நின்னு பாடுற கோரஸ நம்ம பின்பாட்டுன்னு நெனச்சுக்கலாம், ஆனா அவங்க ஊர்ப் பெரியவங்க மாதிரி கருத்தும் சொல்லுவாங்க, பயப்படுவாங்க, ராஜாவுக்கு புத்தியும் சொல்லுவாங்க.

நடுவுல ஒரு சின்ன விஷயம், எக்ஸாம்ல கட்டாயம் வரும். ஹீரோ விழறதுக்குக் காரணமா அரிஸ்டாட்டில் ஹமார்ஷியான்னு ஒண்ணு சொல்றாரு, நோட்ஸ்ல எல்லாம் அத "தீய குணம்"னு போட்டு வச்சிருக்காங்க, அந்த வார்த்தை குறி தப்புறதுன்ற அர்த்தத்துல இருந்து வந்தது. நல்லா வில்லு விடத் தெரிஞ்சவன் விட்ட அம்பு எடம் மாறிப் போறது. ஈடிபஸ் கெட்டவன்லாம் கெடையாது, தெரியாம பண்ணவன். இத புடிச்சிக்கினா பாதி குழப்பம் தீந்துடும்.

இப்ப தீம். இதுல எல்லாரும் பண்ற தப்பு இன்னான்னா ஒத்த வார்த்தைல சொல்லிடுவாங்க, "விதி", "பேராசை", "நட்பு". அது வெறும் தலைப்புதான், இன்னும் ஒருபடி தாண்டி "பேராசை பெருநஷ்டம்"னு எழுதினா அது ஸ்கூல் சுவத்துல எழுதுற வாசகம். நாடகம் எழுதினவனுக்கு அந்த வாசகம் மட்டும் போதும்னா ராத்திரி பூரா ஆடவிட்டிருக்க மாட்டான், ஒரு போர்டு எழுதி மாட்டிட்டு போயிருப்பான். சரின்னு படுற ரெண்டு விஷயத்த எதிரெதிரா நிக்கவச்சி, எது பெருசுன்னு நாடகம் திரும்பத் திரும்பக் கேக்கும் பாரு, அந்தக் கேள்வியத்தான் நான் தீம்னு எடுத்துப்பேன்.

கர்ணன எடுத்துக்கோ. குந்தி வந்து நான்தான் உன்னப் பெத்தவங்குறா, கிருஷ்ணன் வந்து நீதான் மூத்தவன், ராஜ்யம் ஒனக்குத்தாங்குறான். பெத்த தாய் ஒரு பக்கம், ஒருத்தரும் மதிக்காதப்ப சோறு போட்டு ராஜாவாக்குனவன் ஒரு பக்கம். இதுல எது கடன்? நம்ம ஆளுங்க இத செஞ்சோத்துக் கடன்னு ஒரே வார்த்தைல வச்சிருக்காங்க, ஆனா கர்ண மோட்சம் கூத்து அந்த வார்த்தையோட நிக்காது. பதினேழாம் நாள் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட சொல்லிக்க வருவான் கர்ணன், தேரோட்டி வளத்தவன்னு அவன எளக்காரமா நெனச்சவ அவ, அந்தத் தர்க்கம் ஓடும் ஓடும் ஓடிக்கினே இருக்கும், சண்டைய விட அதுக்குத்தான் கூட்டம் அசையாம ஒக்காந்திருக்கும். ஏன்னா பொறப்பு பெருசா நடத்த பெருசான்ற கேள்வி அங்க வீட்டுக்குள்ள, புருஷன் பொண்டாட்டி நடுவுல வந்து நிக்கிது. ராஜ சபைல பேசுனா தத்துவம், வீட்ல பேசுனா வலிக்கும்.

பகடை துகில் கூத்துல வேற கேள்வி. தருமன் எல்லாத்தையும் வச்சித் தோத்து, தன்னையும் தோத்து, அப்புறம் திரௌபதிய வைக்கிறான். அவ கேட்டனுப்புறா, அவரு தன்ன முதல்ல தோத்தாரா என்ன முதல்ல தோத்தாரா? தன்னையே தோத்தவருக்கு என்ன வைக்க எங்க உரிம இருக்குது? சபைல பீஷ்மர் இருக்காரு, துரோணர் இருக்காரு, ஒருத்தரும் நேரா பதில் சொல்லல. துரியோதனன் தம்பிங்கள்ல விகர்ணன் ஒருத்தன்தான் எழுந்து அவ சொல்றது நியாயம்குறான், அவனையும் கர்ணன் அடக்கிடுறான். ஆமா, அதே கர்ணன்தான், அந்த சபைல அவன் பேசின பேச்சு அசிங்கமான பேச்சு. கர்ணன் ரசிகர்ங்க இந்த எடத்துல பக்கத்த தள்ளிட்டுப் போயிடுவாங்க, நீ போவாத, அதையும் சேத்து எழுது. எங்க ஊர்ல துகிலுரியுற கட்டம் வந்தா ஆட்டத்த நிறுத்தி கற்பூரம் ஏத்துவாங்க, துச்சாதனன் வேஷம் கட்டுனவரே அம்மா தப்பா எடுத்துக்காதன்னு கும்புட்டுட்டுத்தான் சேலைல கை வைப்பாரு. அவ கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலன்ற பயம்தான் அதுன்னு நெனைக்கிறேன்.

சோஃபக்ளீஸோட இன்னொரு நாடகம் ஆன்டிகனியும் இந்த மாதிரிதான், சுருக்கமா சொல்லிடுறேன். ஊருக்கு எதிரா படை எடுத்து வந்து செத்த அண்ணன பொதைக்கக் கூடாதுன்னு ராஜா க்ரெயான் உத்தரவு, செத்தவனுக்கு செய்யவேண்டியத செஞ்சே ஆவணும்னு தங்கச்சி ஆன்டிகனி. கருமாதி பெருசா கவர்மென்ட் ஆர்டர் பெருசா, இத நம்ம ஊர்க்காரனுக்கு விளக்கணுமா இன்னா.

தீம எழுதினவரே நேரா சொல்றதும் உண்டு. சிலப்பதிகாரப் பதிகத்துல மூணு சொல்லியிருக்குது, அரசியல்ல தப்பு பண்ணா அறமே எமனாகும், பத்தினிய பெரியவங்களும் கும்புடுவாங்க, ஊழ்வினை விடாம வந்து சேரும். மூணு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனா கோவலன் ஊழ்வினையால செத்தான்னா அப்ப பாண்டியன் மேல இன்னா தப்பு? மூணுல ஒண்ணும் இன்னொண்ணும் மோதுது பாரு, பெரிய மார்க் கேள்விக்கு அந்த மோதல எழுது.

கடைசியா ஒரு ட்ரிக். ஒரே கதைய ரெண்டு பேரு சொல்லியிருந்தா ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாரு, எங்க மாத்தியிருக்காங்களோ அங்கதான் அவங்கவங்க தீம் இருக்கும். மகாபாரதத்துல சகுந்தலை புள்ளையோட சபைக்கு வரும்போது துஷ்யந்தனுக்கு அவளத் தெரியும், தெரிஞ்சே தெரியாத மாதிரி பேசுறான், அவ சபைல வச்சி வெளு வெளுன்னு வெளுக்குறா. காளிதாசன் நாடகத்துல துர்வாசர் சாபம் வருது, மோதிரம் வருது, மீன் வயித்துக்குள்ள போவுது, அதனால ராஜா நெஜமாவே மறந்துடுறான். ஒண்ணுல பொய், இன்னொண்ணுல மறதி. அந்த ஒரு மாத்தத்துல ராஜா தப்பிச்சிக்கினாரு, கதையும் மறக்குறது நெனைக்கிறதப் பத்தின கதையா ஆயிடுச்சி. எனக்கு முதல் சகுந்தலையத்தான் புடிக்கும், அது என் சொந்தக் கருத்து, எக்ஸாம்ல எழுதாத.

நம்ம கிட்டயே இதுக்கு உதாரணம் கெடக்குது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வைகாசி 1-ந்தேதி, வேலூர் ஜில்லாவே திரண்டு போவும். அந்த அம்மனுக்குப் பின்னாடி இருக்குற ரேணுகா கதை எல்லாருக்கும் தெரியும், பச்ச மண்ணுல பானை செஞ்சி தண்ணி எடுத்துக்கினு வர்ற பத்தினி, ஒரு நாள் தண்ணில கந்தர்வன் நெழலப் பாத்து மனசு ஒரு நொடி போச்சு, பானை ஒடஞ்சிது, புருஷன் ஜமதக்னி வெட்டச் சொன்னாரு, புள்ள பரசுராமன் தாயையே வெட்டுனான், வரம் வாங்கி திருப்பி உயிர் கேட்டான். புராணத்த அப்பிடியே படிச்சா தீம் இன்னா? அப்பன் சொல்லு பெருசா ஆத்தா உயிரு பெருசா, அது பரசுராமன் கதை. ஆனா ஊர்ல சொல்ற கதைல அவசரத்துல தலையும் ஒடம்பும் மாறிப்போவுது, அவளோட சேந்து வெட்டுப்பட்ட ஒரு ஒடுக்கப்பட்ட பொண்ணோட ஒடம்புல ரேணுகா தலை ஒட்டிக்குது. குடியாத்தத்துல அம்மன் சிரசு தெருத் தெருவா ஊர்வலம் வந்து, கோயில்ல சண்டாளச்சின்னு சொல்ற அந்தப் பொண்ணோட ஒடம்புல பொருத்தினப்புறம்தான் சாமி முழுசாவுது. அந்தக் கதைல யாரு தாயி, தலையா ஒடம்பா, கும்புடறவன் யாரக் கும்புடறான்? புஸ்தகத்துல பரசுராமன் ஹீரோ, குடியாத்தத்துல அவன் ஹீரோவே இல்ல. ஒரே கதைதான், யாரு மேல வெளிச்சம் அடிக்கிறோம்ன்றதுல கேள்வியே மாறிடுச்சி.

இவ்ளோவும் சொல்லி முடிச்சப்புறம் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு, "மாமா, அப்ப வில்லனுக்கு பாவப்படலாமா, மார்க் கொறைச்சிட மாட்டாங்களா?" அதுக்கு எனக்கு ஞாபகம் வந்தது படுகளம். பதினெட்டாம் போர் கூத்து முடிஞ்ச காலைல கோயிலுக்கு எதுக்க மண்ணுல துரியோதனன பெருசா படுக்க வச்சிருப்பாங்க, வீடு நீளத்துக்கு, கண்ணு மொறச்சிக்கினு இருக்கும். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண்ணு ஒடம்பு மேலயே சுத்திச் சுத்தி ஓடுவாங்க, கடைசில தொடைல ஓங்கி அடிப்பான், ரத்தத்துக்கு செவப்புத் தண்ணி, திரௌபதி கூந்தல் முடிவா, சாயங்காலம் தீமிதி. துரியோதனனுக்கு ஒப்பாரியும் உண்டு. எல்லாம் முடிஞ்சி கூட்டம் கலையிறப்ப பொம்பளைங்க ஓடிப்போயி அந்த மண்ணுல ஒரு பிடி எடுப்பாங்க. எங்கம்மா வருஷா வருஷம் எடுத்து முந்தானைல முடிஞ்சிக்கினு வந்து நெல்லு மூட்டைல போடுவாங்க. ராத்திரி பூரா அவன "பாவி, நாசமாப் போனவனே"ன்னு திட்டிக்கினே கூத்து பாத்தவங்க. சின்னப் பையனா நான் கேட்டேன், இன்னாத்துக்குமா கெட்டவன் மண்ண வீட்டுக்கு எடுத்தார்றன்னு.

அம்மா முடிச்ச இன்னும் இறுக்கிக்கினு சொன்னாங்க, "கெட்டவன்தான். ஆனா ராஜாடா அவன், அவன் இருந்த வரைக்கும் ஊர்ல நெல்லு இருந்துச்சில்ல."

பொண்ணு இத எக்ஸாம்ல எழுதப்போவுதாம். எழுதட்டும்.